அலகும் பற்சில்லுப் பெட்டியும்: புல் வெட்டும் இயந்திரத்தைக் கூலிக்கு அமர்த்துவோர் கவனத்திற்கு

பெரும்போகத்துக்கான நிலப் பண்படுத்தல் தொடங்குமுன், புரட்டாதி மாதத்தில், கடுகண்ணாவைக் குன்றுகளின் அடிவாரத்து வயல்களிலே முதற்கண் கேட்பது தோளில் மாட்டிய புல் வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலாகும். படிப்படியாக இறங்கும் சிறு வயல்கள். ஒவ்வொரு படிக்கும் இடையே செங்குத்தான கரை. அக்கரையிலே கினிப்புல்லும் காட்டுச் செடிகளும் செறிந்து நிற்கும். நான்கு சில்லு உழவு இயந்திரத்திற்கு அங்கே வழியில்லை. இரு சில்லு இயந்திரம் வயலுக்குள் உழுமேயன்றிக் கரையில் ஏறிப் புல் வெட்டாது. ஆகவே ஒருவர் தோளிற் சுமந்து நடக்கத்தக்க இக்கருவி மலைநாட்டு வயலுக்கும் தோட்டத்துக்கும் ஏற்றதென்பதில் ஐயமில்லை.

ஐயம் எழுவது அதன் பராமரிப்பைப் பற்றியேயாம். கருவியை வைத்திருப்போர் அதன் இயந்திரப் பகுதியை ஓரளவு கவனிக்கின்றனர். பெற்றோலை வடித்து ஊற்றுவர். பிளக்கைக் கழற்றித் துடைப்பர். காற்று வடியைத் தட்டித் தூசி போக்குவர். ஆனால் ஐந்தடி நீளமுள்ள குழாயின் மறுமுனையில், புல்லோடும் சேற்றோடும் கல்லோடும் நாள் முழுதும் மோதிக்கொண்டிருக்கும் பற்சில்லுப் பெட்டியையும், அதன் கீழே சுழலும் குறுக்கலகையும் எண்ணுவார் மிகச் சிலரே. ஒரு கைப்பிடியளவான அப்பெட்டி வேண்டுவது சிறிது கிறீஸும் சில நிமிட நேரமுமாகும். அவ்வளவும் கிடையாமையால் அது பழுதுபடுகின்றது. அலகு தளர்ந்து ஆளுக்கு ஆபத்தாகின்றது. இதற்குக் காரணம் அறியாமை என்று கூறிவிடுதல் எளிது. உண்மைக் காரணம் கூலி பேசும் முறையிலே உள்ளது என்பதே இங்கு வற்புறுத்தப்படும் கருத்தாகும்.

இக்கருவி இத்துணை பரவியமைக்கு அண்மைக்கால நிகழ்ச்சிகளும் துணைபுரிந்தன. கிளைபோசேற் என்னும் களைநாசினி 2015 ஆம் ஆண்டில் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. நெல்லும் மரக்கறியும் செய்வோர் வேறு வழி காணவேண்டியவராயினர். 2021 ஆம் ஆண்டு இரசாயன உரங்களுடன் ஏனைய விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டபோது, வரப்பையும் கரையையும் வெட்டியே துப்புரவு செய்தல் வேண்டுமென்ற நிலை ஏற்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அத்தடை விலக்கப்பட்டது. அடுத்து வந்த 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்கு நீண்ட வரிசைகள் நின்றதையும், ரூபாவின் மதிப்பு வீழ்ந்து இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியதையும் எந்தக் கமக்காரரும் மறந்திருக்கமாட்டார். பற்சில்லும் பெயாரிங்கும் கடல் கடந்து வரும் பொருள்கள். அவற்றைக் காப்பது முன்னெப்போதையும்விட இன்று கமக்காரரின் பணப்பைக்கு நெருங்கிய விடயமாயிற்று.

பெட்டியின் உள்ளே நிகழ்வதைச் சற்று விளங்கிக்கொள்ளுதல் நன்று. இயந்திரத்தின் சுழற்சி குழாயினுள் ஓடும் நீண்ட தண்டினால் கீழே கொண்டுவரப்படுகிறது. தண்டு சாய்ந்து வருகின்றது. அலகோ நிலத்துக்கு இணையாகச் சுழலவேண்டும். இத்திசை மாற்றத்தைச் செய்வன இரண்டு சரிவுப் பற்சில்லுகள். சிறியது தண்டின் நுனியிலும் பெரியது அலகின் அச்சிலும் அமைந்திருக்கும். சிறியது பெரியதைச் சுழற்றுவதால் வேகம் சற்றுக் குறைந்து வலிமை கூடுகிறது. அங்ஙனம் குறைந்த பின்னரும் அலகின் வேகம் அஞ்சத்தக்கதேயாம். 12 அங்குல அலகொன்று நிமிடத்துக்கு 6,500 முறை சுழல்வதாகக் கொண்டால், அதன் நுனி மணிக்கு 370 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்கின்றது. கொழும்பிலிருந்து கடுகண்ணாவை ஏறிக் கண்டிக்கு வரும் எந்த வாகனமும் அவ்வேகத்தைக் கனவிலும் காணாது.

இத்தகைய வேகத்தில் ஒன்றோடொன்று உராயும் பற்களுக்கு இடையே மெல்லிய கிறீஸ் படலம் இருக்கும்வரை இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. படலம் அற்றவுடன் பற்கள் சூடேறித் தேய்கின்றன. தேய்ந்த துகள் எஞ்சிய கிறீஸோடு கலந்து அரைப்பொடியாக மாறி மேலும் தேய்க்கின்றது. அதன் பின்னர் பெயாரிங் ஓசையெழுப்பும். ஓசை கேட்ட பின்பு கிறீஸ் இடுதல் காலங்கடந்த செயலாகும்.

பெட்டியின் பக்கத்திலே திருகாணியொன்று உண்டு. அதைக் கழற்றினால் உள்ளே பார்க்கலாம். தயாரிப்பாளர் பலர் ஏறத்தாழ 25 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை இதைத் திறந்து பார்க்கும்படி கூறுவர். கருவியோடு வரும் கைந்நூலில் வேறு அளவு குறிப்பிடப்பட்டிருப்பின் அதனையே பின்பற்றுதல் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் உண்மையாக ஓடும் கருவிக்கு இது ஐந்து நாளுக்கு ஒருமுறை என்றாகும். போக ஆரம்பத்தில் ஓய்வின்றி ஓடும் கருவி, ஒரே மாதத்தில் ஐந்தாறு தடவை திறக்கப்படவேண்டியது. ஆண்டுக்கு ஒருமுறை கடையிலே கொடுத்துச் ‘சேர்விஸ்’ செய்தால் போதும் என்னும் எண்ணம் இதனால் பிழையென்பது பெறப்படும்.

இடவேண்டியது பற்சில்லுப் பெட்டிக்கென விற்கப்படும் லிதியம் கிறீஸ். தாங்கியின் அடியில் எஞ்சிய பழைய எண்ணெயோ, மாட்டு வண்டியின் அச்சுக்கு இடும் மசகோ இதற்கு உதவா. திருகாணித் துவாரத்தினூடே கிறீஸ் குழாயை வைத்துச் சிறிது சிறிதாக அழுத்தி, அலகைக் கையாற் சுழற்றி, மீண்டும் சிறிது இடுதல் வேண்டும். அலகைத் தொடுமுன் இயந்திரத்தை நிறுத்திப் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவைத்தல் கட்டாயம். பெட்டி முக்கால் பங்கு நிறைந்தால் அமையும். நிறைவாகத் திணிப்பின் கிறீஸ் சூடேறி விரிந்து, வெளியேற வழியின்றி முத்திரை வளையத்தைத் தள்ளிவிடும். அவ்வளையம் போனால் கிறீஸ் வெளியே வரும். நீர் உள்ளே செல்லும். அதிகம் இட்டவரும் இடாதவரும் ஈற்றில் ஒரே கடையின் வாசலில் நிற்பர்.

திருகாணியைக் கழற்றியபோது வெளிவரும் கிறீஸின் நிறமே ஒரு சான்றாகும். பழுப்பாக இருப்பின் நன்று. பாலைப்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துள்ளது. விரலில் தேய்த்துப் பார்க்கையில் வெள்ளிப் பொடிபோல் மின்னினால் பற்கள் தேய்கின்றன. வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்தியவுடன் புறங்கையைப் பெட்டியின் அருகே கொண்டுசெல்லினும் நிலை தெரியும். இளஞ்சூடு இயல்பானது, கைவைக்க முடியாத சூடு கிறீஸ் இல்லையென்பதன் அறிகுறியாம்.

நீர் எவ்வாறு புகுகின்றது? நெல்வயலிற் பெரும்பாலும் அது மனிதர் கையாலேயே புகுத்தப்படுகின்றது. மாலையில் வேலை முடிந்ததும் சேறு படிந்த அலகையும் பெட்டியையும் வாய்க்காலில் அமிழ்த்திக் கழுவுதல் பல இடங்களிற் காணப்படும் வழக்கம். கழுவுபவர் கருவியைப் பேணுவதாகவே எண்ணுகின்றார். ஆனால் சூடான பெட்டி குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளேயுள்ள காற்றுச் சுருங்குகின்றது. சுருங்கிய இடத்தை நிரப்ப முத்திரை வளையத்தின் ஓரமாக நீர் உறிஞ்சப்படுகின்றது. அடுத்த நாட் காலை அந்நீர் கிறீஸோடு கலந்துவிடும். சேற்றைக் குச்சியாற் சுரண்டி, உலர்ந்த பின் தும்புத் தூரிகையால் தட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்தலே தகும்.

புல்லும் ஒரு பகை. நீண்ட கினிப்புல்லின் தாள்கள் அலகுக்கும் பெட்டிக்கும் இடையே சுற்றிக்கொண்டு கயிறுபோல் இறுகும். மரக்கறித் தோட்டங்களில் இத்தொல்லை இரட்டிப்பாகும். போஞ்சிக்கும் பாகலுக்கும் கட்டிய பந்தலின் நைலோன் நூலும், அறுந்த கம்பியும், பழைய பொலித்தீன் தாளும் பாத்தியோரங்களிற் கிடந்து அலகில் சிக்குவதுண்டு. நூல் உருகி முத்திரை வளையத்தில் ஒட்டிக்கொண்டால் அவ்வளையம் அன்றே கெட்டதெனலாம். ஆதலால் தோட்டக்காரர் அறுவடை முடிந்த பந்தலைப் பிரிக்கும்போதே நூலைச் சுருட்டி அகற்றிவிடுதல் அவருடைய பங்காகும். அதை விட்டுவிட்டு வெட்ட வருபவரின் கருவியில் குறை காண்பது முறையன்று. பயிர் நிற்கும் பாத்தியின் அருகே உலோக அலகைக் கழற்றி நைலோன் நூல் தலையை மாட்டிக்கொள்வதே பயிருக்கும் குழாய்களுக்கும் பாதுகாப்பு.

இனி, அலகு. இப்பகுதியிற் புல்லுக்கும் சிறு செடிக்கும் பயன்படுவது பெரும்பாலும் இரு முனையும் கூரான தட்டையான உருக்குச் சட்டம். அது அச்சின்மீது அமரும் முறையைக் கூர்ந்து பார்த்தல் வேண்டும். மேலே ஒரு தட்டு. அத்தட்டின் நடுவே மேடாக ஒரு வளையம். அலகின் நடுத் துளை அவ்வளையத்தின்மேல் சரியாகப் பொருந்தவேண்டும். அதன் கீழே வாசர், கிண்ணம், இறுதியாக நட்டு. சந்தையிற் கிடைக்கும் அலகுகளின் துளைகள் ஒரே அளவின அல்ல. 20 மில்லிமீற்றர்த் துளையுடையனவும் 25.4 மில்லிமீற்றர்த் துளையுடையனவும் உண்டு. சிறிய வளையத்தின்மேல் பெரிய துளையுள்ள அலகை மாட்டி நட்டை இறுக்கிவிட்டால், கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் அலகு நடுவில் அமராது ஒருபுறம் தள்ளியிருக்கும். அதன் விளைவைக் கையின் நடுக்கம் முதலில் உணரும். பெயாரிங் அதன்பின் உணரும்.

ஒரு முனை தேய்ந்தும் மறு முனை தேயாதும் உள்ள அலகின் கேடும் இத்தகையதே. இதைக் கணக்கிட்டுக் காட்டினாலன்றிப் பலர் நம்பார். ஒரு முனை மறு முனையைவிட ஐந்து கிராம் குறைந்திருப்பதாக வைத்துக்கொள்க. ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டிச் சீனியின் நிறை. மேற்கூறிய வேகத்தில் சுழலும்போது அவ்வேறுபாடு அச்சை ஏறத்தாழ 35 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசையோடு பக்கவாட்டில் இழுக்கும். அவ்விழுவை ஒரு செக்கனுக்கு நூறு முறைக்கு மேல் திசைமாறிக்கொண்டேயிருக்கும். சிறு பெயாரிங்குகள் இரண்டு இதைத் தாங்கி நிற்கின்றன. தாங்கும் காலமும் ஓர் அளவுக்கு உட்பட்டதே.

சமநிலை பார்த்தற்குப் பெரிய கருவி வேண்டுவதில்லை. நடுத் துளையில் ஒரு வட்டமான ஆணியைச் செருகி அலகைக் கிடையாகத் தொங்கவிட்டால், கனமான முனை தாழும். தாழ்ந்த முனையை அரத்தால் தீட்டிச் சமன்செய்தல் வேண்டும். இரு முனைகளையும் ஒரே எண்ணிக்கையாகத் தீட்டுபவருக்கு இவ்வேலை அருகியே ஏற்படும். தீட்டுவதற்கு அரமே உகந்தது. மின்சாரச் சாணைக்கல்லில் அவசரமாகப் பிடித்து விளிம்பு நீலநிறமாகும் வரை தேய்ப்போர், உருக்கின் பதத்தைப் போக்கிவிடுகின்றனர். அது பின்னர் அரை நாளுக்கேனும் கூர் நில்லாது. மொட்டையான அலகு புல்லை வெட்டாது கிழிக்கும். கிழிக்க அதிக விசை வேண்டும். அவ்விசை முழுவதும் பற்சில்லுகளின் ஊடாகவே செல்கின்றது. அலகைத் தீட்டுதலும் பெட்டியைப் பேணுதலும் ஆகவே ஒரே காரியத்தின் இரு பகுதிகளாம்.

வெடிப்புள்ள அலகைப்பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. அலகை நூலிற் கட்டித் தூக்கி ஒரு சிறு இரும்பாற் தட்டினால் நல்ல அலகு மணிபோல் ஒலிக்கும். வெடித்த அலகின் ஒலி மந்தமாயிருக்கும். மந்தமாக ஒலிப்பதை அன்றே எறிந்துவிடுதல் வேண்டும். அதை ஒட்டவைத்துத் தருவதாகக் கூறும் வெல்டிங் கடைக்காரர் நல்ல எண்ணத்தோடு கூறலாம். ஆயினும் ஒட்டிய இடத்தின் அருகே உருக்கு நொய்மையடைந்து, கல்லில் ஒருமுறை பட்டவுடன் முறியும். முறிந்த துண்டு எத்திசையிற் செல்லுமென்று எவராலும் கூறவியலாது. பழைய வாகனத்தின் வில்லுத் தகட்டை வெட்டி அலகாக்குவதும் இவ்வகைப்பட்ட சிக்கனமேயாம். மண்வெட்டிக்கும் கத்திக்கும் அவ்விரும்பு நன்று. நொடிக்கு நூறு முறை சுழலும் அலகுக்கு அது ஆகாது.

நட்டைப்பற்றிய ஒரு குழப்பம் பலருக்கு உண்டு. இந்நட்டின் புரி வழக்கத்துக்கு மாறானது. ஏனைய நட்டுகளைத் தளர்த்தக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புவர். இதைத் தளர்த்தக் கடிகார முள் செல்லும் திசையில் திருப்பவேண்டும். இதை அறியாதவர் ஸ்பனரில் குழாயை மாட்டி, தளர்த்துவதாக எண்ணி மேன்மேலும் இறுக்கிப் புரியை அறுத்துவிடுகின்றனர். கழற்றுமுன் பெட்டியிலும் தட்டிலும் உள்ள துளைகளை நேராக்கி, கருவியோடு தரப்படும் கம்பியை அவற்றினூடே செருகினால் அச்சுச் சுழலாது நிற்கும். கையால் எளிதாகச் சுழன்று ஏறும் நட்டுத் தன் பிடியை இழந்துவிட்டது. அதை மாற்றுதல் வேண்டும். முள்ளாணி இடும் வகையாயின், ஒருமுறை கழற்றிய முள்ளாணியை நிமிர்த்தி மீண்டும் இடுதல் கூடாது. இவை யாவும் சில ரூபா பெறும் பொருள்கள். அவற்றின்மேல் தொங்குவதோ ஒருவருடைய காலும் கண்ணும்.

அலகு மேலிருந்து நோக்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றது. ஆகையால் வலமிருந்து இடமாக வீசி வெட்டினால் வெட்டிய புல் இடப்புறம், வெட்டி முடித்த பக்கத்தில் விழும். அலகின் முன்புற வலப்பகுதி கல்லிலோ மரக்கட்டையிலோ பட்டால் கருவி திடீரென வலப்புறம் உதைத்துத் திரும்பும். மட்டமான நிலத்தில் நிற்பவர் அதைச் சமாளிப்பார். ஓரடி அகல வரப்பில் நிற்பவரால் அது இயலாது. கருவி இயங்கும்போது 15 மீற்றருக்குள் வேறெவரும் நிற்கக்கூடாதென்பது தயாரிப்பாளர் கூறும் விதி. மலைநாட்டுப் படி வயலிலே இவ்விதி அடிக்கடி மீறப்படுகின்றது. வெட்டுபவரின் பின்னாலேயே புல்லை வாருவதற்குப் பெண்களை நிறுத்துவதும், கீழ்ப்படியில் வேறொருவர் வரப்புக் கட்டுவதும் சாதாரணம். மேற்படியிலிருந்து தெறிக்கும் கல் கீழ்ப்படியில் நிற்பவரின் தலையளவில் வரும். புல் வாருவதை அன்று பிற்பகலுக்கு ஒத்திவைத்தால் யாருக்கும் நட்டமில்லை.

வெட்டும் உயரத்தைப்பற்றியும் இங்கே கூறவேண்டியிருக்கிறது; அது பெட்டியின் ஆயுளோடும் மண்ணின் ஆயுளோடும் ஒருங்கே தொடர்புடையது. கரையைத் ‘துப்புரவாக’ வெட்டித்தரும்படி கமக்காரர் கேட்பதும், கூலி வாங்குபவர் அலகை மண்ணோடு உரசி மொட்டையடிப்பதும் வழக்கமாயுள்ளன. பார்வைக்கு அது அழகே. ஆனால் அலகு மண்ணையும் கல்லையும் வெட்டுகின்றது. ஒவ்வொரு கல்லும் பற்சில்லின் பல்லில் ஓர் அடி. அத்துடன் வேரும் தாளும் இழந்த கரை, தென்மேற்கு, வடகீழ் ஆகிய இரு பருவ மழையையும் பெறும் இப்பகுதியிலே கரைந்து கீழ்வயலில் விழும். இரண்டு மூன்று அங்குலத் தாளை நிறுத்தி வெட்டினால் வேர் மண்ணைப் பிடித்து நிற்கும். அலகும் கூர் மழுங்காது. எலியும் நெல் மூட்டுப்பூச்சியும் ஒதுங்குவதற்கு அவ்வளவு தாள் போதாது. எலிக்காய்ச்சலுக்கு அஞ்சி வரப்பைத் துப்புரவாக்குவோரின் நோக்கமும் இதனால் நிறைவேறும். வயற்புறத்து வரப்பின் பக்கத்தை மண்வெட்டியாற் செதுக்கிச் சேறு பூசுவது வேறு வேலை. அதை இயந்திரம் செய்யாது, செய்விக்க முயல்வதும் வீண்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் பெட்டி ஏன் திறக்கப்படுவதில்லை? கூலி பேசும் இடத்துக்கு வருவோம் என்றால், அங்கே மூவர் நிற்பதைக் காணலாம்: காணிக்காரர், கருவியின் உடைமையாளர், அதைச் சுமந்து வெட்டும் தொழிலாளி. சில இடங்களிற் பின்னிருவரும் ஒருவரே. காணிக்காரர் பேசுவது புல்லைப்பற்றி. இத்தனை மணிக்குள் இவ்வளவு முடியவேண்டும் என்பார். தொழிலாளிக்கு இயந்திரம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வருமானத்தில் ஒரு குறை. உடைமையாளரோ மாலையிற் கருவி திரும்பிவந்ததா என்று பார்ப்பாரேயன்றி, அது எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதை அறியார். கிறீஸ் இடவேண்டியவர் யார் என்று வினவினால் மூவரும் மற்றவரைக் காட்டுவர். ஒவ்வொருவர் கூறுவதிலும் நியாயம் உண்டு. பெட்டி மட்டும் காய்ந்துபோகின்றது. இடைநடுவில் அது இறுகி நின்றால் அன்றைய கூலி யாருக்கு, பழுது பார்க்கும் செலவு யாருக்கு என்னும் பிணக்கு எழுகின்றது. அப்பிணக்கில் பெரும்பாலும் தோற்பவர் தொழிலாளியே.

எனவே பராமரிப்பு நேரத்தைக் கூலி நேரத்தின் பகுதியாகவே ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் அலகையும் நட்டையும் பெட்டியையும் பார்ப்பதற்கும், நண்பகலில் ஐந்து நிமிடம் அலகைத் தீட்டுவதற்கும் காணிக்காரர் மனமுவந்து சம்பளம் கொடுப்பாராக. கால் மணித்தியாலக் கூலி அவருக்கு இழப்பாகத் தோன்றலாம். ஆனால் கூரான அலகு அவ்விழப்பை முற்பகலுக்குள்ளேயே ஈடுசெய்துவிடும், பெற்றோலும் மிஞ்சும். இதற்கு மாறாகச் சிலர், தாம் பணம் கொடுப்பது வேலைக்கேயன்றிக் கருவிக்கன்று என்பர். மாட்டை வைத்து உழுத காலத்தில் உழவனுக்குச் சோறும் மாட்டுக்கு வைக்கோலும் கொடாது அனுப்பிய காணிக்காரர் எவரும் இருந்ததில்லை. இயந்திரம் வாய் திறந்து கேட்பதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

இவ்வழக்கம் புதிதுமன்று. 1867 ஆம் ஆண்டு கண்டிக்கு ரயில் வந்தது கடுகண்ணாவை ஏற்றத்தின் வழியாகவேயாம். 2014 இல் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையில் பழைய இயந்திரங்களைப் பார்ப்போர், அவற்றின் இணைப்புகள் தோறும் எண்ணெய்க் கிண்ணங்களைக் காண்பர். நீராவி ரயில் ஓடிய நாடுகளிலெல்லாம், வண்டி புறப்படுமுன் இயந்திரத்தைச் சுற்றிவந்து எண்ணெய் இடுதல் சாரதியின் கடமையாயிருந்தது. அது பயணத்துக்குப் புறம்பான வேலையாகக் கருதப்படவில்லை.

போகத் தொடக்கத்துக்கு முன் கூடும் கமக்காரர் கூட்டத்தில் நீர் விடும் நாளும் விதைக்கும் நாளும் முடிவு செய்யப்படுகின்றன. அதே கூட்டத்தில் இவ்வொழுங்கையும் பேசி முடிப்பது கடினமன்று. கமக்காரர் அமைப்பொன்று ஒரு கிறீஸ் குழாயும், இரண்டு அரமும், புதிய நட்டுகள் சிலவும் பொதுவில் வாங்கி வைத்தால், யார் கொணர்வது என்னும் கேள்வி எழாது. ஒவ்வொரு கருவியோடும் ஒரு சிறு கொப்பி தொங்கட்டும். ஓடிய மணித்தியாலமும் கிறீஸ் இட்ட நாளும் அதில் எழுதப்படட்டும். கருவியை அமர்த்துபவர் அக்கொப்பியைப் பார்க்கக் கேட்பதில் அவமதிப்பு எதுவுமில்லை. விதைநெல் வாங்கும்போது முளைதிறன் கேட்பவர், அலகு சுழலும் இடத்தில் கேள்வி கேட்க ஏன் தயங்கவேண்டும்? கொப்பி இல்லையேல் திருகாணியைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். காட்ட மறுப்பவரின் கருவியைத் தம் காணியில் இறக்காமலிருக்க எவருக்கும் உரிமை உண்டு.

தாழ்நாட்டில், குருநாகல் மாவட்டத் தென்னந்தோட்டங்கள் போன்ற இடங்களில், நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னால் இழுக்கப்படும் பெரிய சுழல்வெட்டியும் உண்டு. கடுகண்ணாவைக் கமக்காரர் உறவினர் காணியில் அதைக் காணக்கூடும். அதன் பெட்டியில் கிறீஸுக்குப் பதிலாகத் தடித்த பற்சில்லு எண்ணெய், பெரும்பாலும் 90 ஆம் இலக்கத்தது, இடப்படுகின்றது. மட்டம் பார்க்கும் திருகாணி பக்கத்தில் இருக்கும். கீழே குறுக்குச் சட்டமும், அதன் இரு முனைகளிலும் போல்ட்டில் அசையும் இரு அலகுகளும் அமைந்துள்ளன. அலகுகளை எப்போதும் சோடியாகவே மாற்றவேண்டும். சட்டத்தைப் பிடித்திருக்கும் பெரிய நட்டின் முள்ளாணியைப் பார்க்கக் கீழே குனிபவர், தூக்கி நிற்கும் இயந்திரத்தை ஹைட்ரோலிக்கின் பலத்தில் மாத்திரம் நம்பாது, உறுதியான மரக்கட்டைகளை அண்டைகொடுத்த பின்னரே உட்செல்லல் வேண்டும். கல்லில் மோதும்போது முறியுமாறு அமைத்த மெல்லிய போல்ட்டு முறிந்தால், அதே வகையையே மீண்டும் இடுக. ‘இது முறியாது’ என்று சொல்லி உறுதியான போல்ட்டை இடுபவர், அடுத்த முறை பெட்டியையே முறிக்கின்றார்.

போகம் முடிந்தபின் கருவியை வைக்கும் முறை எஞ்சியுள்ளது. மலைநாட்டு ஈரக்காற்றிலே, கழுவி ஈரத்தோடு மூலையிற் சாத்திய அலகு ஒரு மாதத்தில் துருவேறும். அலகைக் கழற்றி எண்ணெய்த் துணியாற் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தனியே வைக்கவேண்டும். பெட்டியைச் சுற்றிய புல்லைக் கத்தியால் அறுத்தெடுத்து, திருகாணியைத் திறந்து, கிறீஸ் வெளுத்திருப்பின் அதை வழித்தெடுத்துப் புதியது இடுதல் இக்காலத்துக்குரிய வேலை. அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும் நீர், அதுவரை பெயாரிங்கை அரித்துக்கொண்டேயிருக்கும். தாங்கியிலுள்ள பெற்றோலையும் வடித்துவிடுவது நலம். மீண்டும் அலகை மாட்டும் நாளில், தட்டு, அலகு, வாசர், கிண்ணம், நட்டு என்னும் வரிசை பிறழாது பொருத்தி, அச்சை நிறுத்தச் செருகிய கம்பியை வெளியே எடுத்து, அலகைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றிப் பார்த்தபின்னரே பிளக்கின் தொப்பியை மாட்டுதல் வேண்டும்.